கல்வியியலில் ஆராய்ச்சிப் பட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ஆசிரியர்களின் மேற்படிப்பு குறித்து எழுதியதைத் தொடர்ந்து, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய பழைய வட ஆர்க்காட்டுப் பகுதிகளிலிருந்து நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. ஒரே பொருளைக் கேட்டிருந்த கடிதங்களைச் சேர்த்து, பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். எம்.எஸ்சி., பி.எட்., எம்.எட். முடித்துள்ளேன். முதலில் எம்.ஃபில். முடித்துவிட்டு அதன்பின் பிஎச்.டி. சேரலாமா, அல்லது நேரடியாகச் சேரலாமா? வேலையை விடாமல் படிக்க வழி உண்டா? (ஆசிரியர், குடியாத்தம்)

பதில்: பிஎச்.டி.க்கு முந்தைய ஆராய்ச்சிப் பட்டமான எம்.ஃபில். என்ற படி இப்போது இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பர் 7 அன்று வெளியிட்ட பிஎச்.டி. ஒழுங்குமுறை விதிகளின்படி உயர்கல்வி நிறுவனங்கள் எம்.ஃபில். நடத்தக் கூடாது. அதன் பிறகும் சில இடங்களில் சேர்க்கை நடந்ததால், அது அங்கீகாரம் உள்ள பட்டம் அன்று என்று 2023 டிசம்பரில் குழு மறுபடியும் எச்சரித்தது. விதி வருவதற்கு முன் முறையாகப் பதிவு செய்து பெற்ற எம்.ஃபில். பட்டம் செல்லும். புதிதாக யாராவது உங்களுக்கு எம்.ஃபில். சேர்க்கை தருவதாகச் சொன்னால் அந்த இடத்தை விட்டு விலகிவிடுங்கள்.

எம்.எட். பட்டத்தில் 55 விழுக்காடு இருந்தால் நேரடியாக பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர், கிரீமிலேயர் (வசதி படைத்த பிரிவு) அல்லாத பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. வேலையில் இருந்துகொண்டே பகுதி நேரமாகப் படிப்பதையும் அதே விதிகள் அனுமதிக்கின்றன. ஆனால் அதற்கு உங்கள் துறையிடமிருந்து தடையின்மைச் சான்று வேண்டும், அந்தச் சான்றில் மூன்று செய்திகள் இருக்க வேண்டும்: பகுதி நேரமாகப் படிக்க அனுமதிக்கப்பட்டுள்ளீர்கள் என்பது, ஆய்வுக்குப் போதிய நேரம் ஒதுக்க உங்கள் பணி இடம் கொடுக்கிறது என்பது, தேவைப்பட்டால் ஆய்வுப் பாடங்களை முடிக்கப் பணியிலிருந்து விடுவிக்கப்படுவீர்கள் என்பது. மூன்றாவது வாக்கியத்தில்தான் நம் ஊர் ஆசிரியர்கள் பெரும்பாலும் சிக்கிக்கொள்கிறார்கள். 'அனுமதிக்கலாம்' என்ற ஒற்றை வரியோடு வரும் கடிதத்தைப் பல்கலைக்கழகம் திருப்பி அனுப்பும்போது சேர்க்கைக் காலம் முடிந்திருக்கும். ஆகவே நுழைவுத் தேர்வு எழுதுவதற்கு முன்பே, தலைமை ஆசிரியர் வழியாக விண்ணப்பித்து, வாசகத்தையும் நீங்களே மாதிரியாக இணைத்துக் கொடுத்துவிடுவது நல்லது.

எத்தனை ஆண்டு ஆகும் என்ற கேள்விக்கு விதி தரும் விடை இது: ஆய்வுப் பாடங்களையும் சேர்த்துக் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகம் 6 ஆண்டுகள், நீட்டிப்பு பெற்றால் 8 ஆண்டுகள். ஆய்வுப் பாடங்கள் குறைந்தது 12 கிரெடிட் (பாட அளவைக் குறிக்கும் அலகு). அவற்றில் ஆராய்ச்சி மற்றும் வெளியீட்டு நெறி பற்றிய பாடமும் ஒன்று. பகுதி நேர ஆய்வாளருக்கும் இதில் விலக்கு இல்லை. ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வுக் குழுவின் முன்பு ஆஜராகி முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும். பொதுத் தேர்வுப் பணி, விடைத்தாள் திருத்தம், தேர்தல் பணி இவற்றுக்கிடையே இதைச் செய்ய வேண்டியிருப்பதால், பகுதி நேரம் என்ற சொல்லைப் பார்த்து இலகுவானது என்று நினைத்துவிட வேண்டாம்.

எங்கே சேர்வது? பலரும் பல்கலைக்கழகத்தின் பெயரில் தொடங்குகிறார்கள். நாங்கள் ஆய்வை வழிநடத்தும் நெறியாளரில் தொடங்கச் சொல்கிறோம். ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் நெறிப்படுத்த முடியாது. பணி ஓய்வுக்கு 3 ஆண்டுகளுக்கும் குறைவாக இருப்பவர் புதிய ஆய்வாளரை ஏற்க இயலாது. எனவே காலியிடம் உள்ள, கணிதக் கற்பித்தலில் உண்மையாகவே ஆர்வமுள்ள ஒருவரைக் கண்டுபிடிப்பதே முதல் வேலை. குடியாத்தத்திலிருந்து ரயிலில் ஒரே நாளில் போய்வரக்கூடிய தூரத்தில் சென்னையில் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகமும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறையும் உள்ளன. தெற்கே சேலம் பெரியார் பல்கலைக்கழகம், சற்றுத் தொலைவில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், புதுவைப் பல்கலைக்கழகம் ஆகியவற்றிலும் கல்வியியல் துறைகள் இருக்கின்றன. வடக்கே திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் பக்கம்தான் என்றாலும் அங்கே சேர்க்கை ஆந்திர அரசின் தனி நுழைவுத் தேர்வு வழியே நடப்பது. வேலூரிலேயே அரசு கல்வியியல் கல்லூரி உள்ளது. அங்கு நெறியாளர் யார், அவரிடம் இடம் இருக்கிறதா என்று நேரில் சென்று கேளுங்கள். தொலைபேசியில் கிடைக்கும் விடை பெரும்பாலும் 'வெப்சைட்டைப் பாருங்கள்' என்பதாகவே இருக்கும்.

ஊதிய உயர்வுக்காகப் படிப்பதாக உங்கள் கடிதத்தின் பின்பகுதியில் எழுதியிருக்கிறீர்கள். உயர்கல்விக்கான முன் ஊதிய உயர்வை மாநில அரசு 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டது. பின்னர் ஒருமுறை வழங்கும் ஊக்கத்தொகை என்று ஏற்பாடு மாறியது. 6 ஆண்டு உழைப்புக்கும் செலவுக்கும் அந்தத் தொகை ஈடாகாது. கல்லூரிக்குச் செல்லும் விருப்பமோ, வகுப்பறையில் உங்களை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியோ இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

கேள்வி: எம்.ஏ. தமிழ், பி.எட். முடித்துத் தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளியில் வேலை செய்கிறேன். எம்.எட். படிக்காமல் கல்வியியலில் பிஎச்.டி. செய்ய முடியுமா? தொலைநிலையில் எம்.ஏ. கல்வியியல் படித்தால் போதுமா? (ஆசிரியை, அரக்கோணம்)

பதில்: இரண்டு வாசல்களை ஒன்றாகக் கருதுவதால் வரும் குழப்பம் இது. எம்.எட். ஒரு தொழிற்கல்விப் பட்டம். தேசிய ஆசிரியர் கல்விக் கழகத்தின் 2014ஆம் ஆண்டு விதிகளின் கீழ் 2 ஆண்டுகள் நேரில் படிக்க வேண்டியது, பாடங்களுக்கு 80 விழுக்காடும் களப்பணிக்கு 90 விழுக்காடும் வருகை கட்டாயம். வேலையில் இருந்துகொண்டே எம்.எட். முடித்ததாகச் சொல்பவர்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். வருகைப் பதிவேடு பின்னாளில் கேள்விக்குள்ளானால் பட்டமே ஆட்டம் காணும். எம்.ஏ. கல்வியியல் ஒரு கல்விப்புலப் பட்டம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் (இக்னோ) அதைத் தொலைநிலையில் படிக்கலாம். கல்வியியல் பாடத்தில் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதவும், பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கவும் அது பெரும்பாலான இடங்களில் ஏற்கப்படும்.

ஆனால் பட்டம் பெற்ற பின் எங்கே வேலை செய்ய விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். பி.எட். கல்லூரியில் தமிழ் கற்பித்தல் பாடத்துக்கான ஆசிரியராக வேண்டுமானால், தமிழில் முதுகலைப் பட்டத்தோடு எம்.எட். பட்டமும், இரண்டிலும் 55 விழுக்காடும் கேட்கிறார்கள். கல்வித் தத்துவம், கல்விச் சமூகவியல் போன்ற அடிப்படைப் பாடங்களை எடுக்கும் பணியிடங்களுக்கு மட்டும் எம்.ஏ. கல்வியியலோடு பி.எட். என்ற மாற்று வழி உண்டு. உங்கள் மனம் தமிழ் கற்பித்தலில்தான் இருக்கிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. ஆகவே 2 ஆண்டு விடுப்போ, வேலை மாற்றமோ செய்துகொண்டு எம்.எட். முடிப்பதே உங்களுக்கு ஏற்றது.

அது இயலாது என்றால் மூன்றாவது வழியும் இருக்கிறது. தமிழ்த் துறையிலேயே பிஎச்.டி. பதிவு செய்து, பள்ளித் தமிழ்ப் பாடநூல்களின் வரலாறு, இலக்கணம் கற்பிக்கப்பட்ட முறைகள், சிறுவர் இலக்கியம் போன்ற எல்லைப் பொருள்களில் ஆய்வு செய்யலாம். உங்கள் எம்.ஏ. பட்டம் அதற்குப் போதும். திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள கல்லூரிகளில் தமிழ் ஆய்வுத் துறைகள் இருப்பதால் அரக்கோணத்திலிருந்து தொலைவும் குறையும். ஆய்வேட்டைத் தமிழில் எழுதுவதும் அங்கே இயல்பான ஒன்று.

கேள்வி: பிஎச்.டி. சேர்வதற்கு இப்போது நெட் தேர்வு எழுதினால் போதும் என்கிறார்கள். எனக்கு 31 வயது. மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவன். தமிழ் வழியில் படித்தவன். எனக்கு உதவித்தொகை வாய்ப்பு உண்டா? (எம்.எட். பட்டதாரி, ஆம்பூர்)

பதில்: 2024 மார்ச்சில் வந்த அறிவிப்புக்குப் பிறகு நெட் தேர்வு முடிவு மூன்று அடுக்காக வருகிறது. முதல் அடுக்கில் உள்ளவர்களுக்கு ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகை, உதவிப் பேராசிரியர் தகுதி, பிஎச்.டி. சேர்க்கைத் தகுதி மூன்றும் கிடைக்கும். இரண்டாம் அடுக்குக்கு உதவித்தொகை இல்லை, மற்ற இரண்டும் உண்டு. மூன்றாம் அடுக்குக்கு பிஎச்.டி. சேர்க்கைத் தகுதி மட்டுமே. இரண்டாம், மூன்றாம் அடுக்கினருக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் கணக்கிட்டுச் சேர்க்கை நடக்கும். சேர்க்கைக்கான அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவும் தமது நுழைவுத் தேர்வையும் தொடர்ந்து நடத்துகின்றன. அந்தத் தேர்வில் பாதி வினாக்கள் ஆராய்ச்சி முறையியலிலிருந்தும் பாதி கல்வியியலிலிருந்தும் வரும்.

ஜே.ஆர்.எஃப்.க்குப் பொது வயது வரம்பு 30. பிற்படுத்தப்பட்டோருக்கும் பெண்களுக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் 5 ஆண்டுத் தளர்வு இருப்பதால் உங்களுக்கு இன்னும் காலம் உண்டு. ஆனால் இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல்: மாநிலத்தில் எம்.பி.சி. என்று வழங்கும் சாதிச் சான்று மத்தியத் தேர்வுக்கு ஏற்கப்படாது. உங்கள் சாதி மத்திய அரசின் ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) பட்டியலில் உள்ளதா என்று பார்த்து, மத்திய அரசுப் படிவத்தில் கிரீமிலேயர் அல்லாதவர் என்ற சான்றை வட்டாட்சியர் அலுவலகத்தில் பெற வேண்டும். தேர்வில் தேறிய பிறகு இந்தச் சான்றுக்காக ஓடுவதைவிட விண்ணப்பத்துக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வில் இரு தாள்கள், 3 மணி நேரம், 150 வினாக்கள், 300 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. கல்வியியல் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருவது தமிழ் வழியில் படித்தவர்களுக்கு நேரும் அநீதி என்றே கருதுகிறோம். அதற்காகத் தயங்கி நிற்க வேண்டாம். கற்றல் உளவியலாளர்களான பியாஜே, விகாட்ஸ்கி, புரூனர் பற்றி நீங்கள் தமிழில் படித்த கருத்துகள் அப்படியே இருக்கின்றன. ஆங்கிலக் கலைச்சொற்களை மட்டும் பழக்கிக்கொண்டால் போதும். தேறினால் மாதம் 37,000 ரூபாய், மூன்றாம் ஆண்டிலிருந்து 42,000 ரூபாய். முழு நேர ஆய்வாளருக்கு மட்டும். 2023 ஜூலையிலிருந்து உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி, பிஎச்.டி. கட்டாயம் இல்லை என்பதையும் நினைவில் கொண்டு, தேர்வை ஆய்வுக்கான வாசலாக மட்டும் பார்க்காமல் வேலைக்கான வாசலாகவும் பாருங்கள். 2024இல் ஆசிரியர் தேர்வு வாரியம் அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கும் கல்வியியல் கல்லூரிகளுக்கும் சேர்த்து 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிக்கை வெளியிட்டபோது, இந்தத் தகுதி இல்லாததால் விண்ணப்பிக்க முடியாமல் நின்றவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள்.

கேள்வி: எம்.எட். இறுதியாண்டு படிக்கிறேன். வீட்டில் திருமணப் பேச்சு நடக்கிறது. முழு நேர பிஎச்.டி.யில் சேர்ந்துவிட்டுப் பாதியில் வேறு ஊருக்குப் போக நேர்ந்தால் எல்லாம் வீணாகிவிடுமா? (மாணவி, ஆரணி)

பதில்: வீணாகாது. திருமணம் காரணமாகவோ வேறு காரணத்தாலோ பெண் ஆய்வாளர் இடம்பெயர நேர்ந்தால், அதுவரை செய்த ஆய்வை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள விதியில் இடம் உண்டு. மகப்பேறு மற்றும் குழந்தை பராமரிப்பு விடுப்பாக ஆய்வுக் காலம் முழுவதற்கும் 240 நாட்கள் வரை பெறலாம். பெண்களுக்குக் கூடுதலாக 2 ஆண்டுகள் தரப்படுவதால் மொத்தக் கால வரம்பு 10 ஆண்டுகள் வரை நீளும். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் உட்கார்ந்து பேசும்போது இந்த விவரங்களையும் அங்கே வைத்துவிடுமாறு உங்கள் பெற்றோரிடம் சொல்லுங்கள். நகை, சீர் பற்றிப் பேசும் நேரத்தில் படிப்பைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவதில் தவறில்லை.

உதவித்தொகையைப் பொறுத்தவரை, உடன்பிறந்தோர் இல்லாமல் பெற்றோருக்கு நீங்கள் ஒரே பிள்ளை என்றால் மானியக் குழுவின் சாவித்ரிபாய் ஜோதிராவ் பூலே உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் முழு நேர ஆய்வாளர்களுக்கு மாநில அரசு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வழங்குகிறது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஆய்வு செய்வோருக்கு முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டமும் உண்டு. கல்வியியல் சமூக அறிவியலுக்குள் வருவதால் டெல்லியிலுள்ள இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகத்தின் உதவித்தொகைக்கும் வழி உண்டு. இவை அனைத்தும் சேர்க்கைக்குப் பின் விண்ணப்பிக்க வேண்டியவை என்பதால், முதல் ஆண்டுச் செலவுக்கு வீட்டில் ஏற்பாடு செய்துகொண்டே இறங்க வேண்டும்.

கேள்வி: என் நெறியாளர் 'வேலூர் மாவட்ட மேல்நிலை மாணவர்களின் மனப்பான்மையும் கல்வி அடைவும்' என்பது போல ஒரு தலைப்பை எடுக்கச் சொல்கிறார். சீக்கிரம் முடியும் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நம் பகுதியில் ஆய்வு செய்யத் தகுந்த பொருள்கள் எவை? (பகுதி நேர ஆய்வாளர், அணைக்கட்டு)

பதில்: உங்கள் மனம் சொல்வது சரி. நாட்டின் பிஎச்.டி. ஆய்வேடுகளைப் பொதுவில் வைக்கும் சோத்கங்கா தளத்தில் தேடிப் பாருங்கள். மாவட்டத்தின் பெயரையும் மாறிகளையும் மட்டும் மாற்றி, 300 மாணவர்களிடம் வினாப்படிவம் கொடுத்து, ஆண், பெண், நகரம், கிராமம் என்று பிரித்து டி-சோதனை என்ற புள்ளியியல் ஒப்பீட்டைப் போட்டு முடித்த ஆய்வுகள் வரிசையாக வரும். அவை பிழையானவை என்று சொல்லவில்லை. படித்து முடித்ததும் வகுப்பறைக்கு எடுத்துச் செல்ல ஒன்றும் மிஞ்சாதவை என்கிறோம்.

நம் பகுதியில் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் பகுதிகளில் உருது பேசும் பிள்ளைகள் பெருமளவில் இருக்கிறார்கள். 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பிலிருந்து படிப்படியாகத் தமிழைக் கட்டாயமாக்கி, 2016இல் பத்தாம் வகுப்புத் தேர்வை எட்டியது. மொழிச் சிறுபான்மை மாணவர்களுக்கு விலக்குக் கேட்டு வழக்குகள் நீதிமன்றம் வரை சென்றன. இந்தச் சட்டம் உருது வழிப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியரின் வேலையை எப்படி மாற்றியது, வீட்டில் உருதுவும் தெருவில் தமிழும் பேசும் ஒரு சிறுமி எழுத்துத் தமிழை எப்படிப் பிடிக்கிறாள் என்பவை இரண்டு பள்ளிகளில் ஓராண்டு உட்கார்ந்து பார்த்தாலே எழுதத்தக்க கேள்விகள். பரதராமி, பொன்னை ஓரத்தில் ஆந்திர எல்லையை ஒட்டிய பள்ளிகளில் வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் தமிழ் வழியில் படிப்பது இதே கேள்வியின் இன்னொரு முகம்.

உங்கள் ஒன்றியத்திலேயே ஜவ்வாது மலைத் தொடரில் பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை போன்ற மலைக் கிராமங்கள் உள்ளன. அங்கே பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளின் பிள்ளைகள் வார இறுதியிலும் அறுவடைக் காலத்திலும் ஊருக்குப் போய்த் திரும்புவதில் என்ன நடக்கிறது, எந்த வகுப்பில் திரும்பாமல் நிற்கிறார்கள் என்று ஒருவர் பதிவேட்டையும் பெற்றோரையும் சேர்த்துப் பார்த்தால் அது மாவட்ட நிர்வாகமே கேட்டு வாங்கும் ஆய்வாகும். கொரோனாவுக்குப் பின் 2021இல் வந்த இல்லம் தேடிக் கல்வி, 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் ஆகிய திட்டங்களை ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகள் எப்படி நடத்தின என்பதும் இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டியதே. ராணிப்பேட்டையிலுள்ள மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் நூலகத்தில் ஆசிரியர்கள் செய்த செயலாராய்ச்சி அறிக்கைகளைக் கேட்டுப் பாருங்கள். சிறு அறிக்கைகள்தாம், ஆனால் அவற்றில் எழுப்பப்பட்டு விடை கிடைக்காமல் நிற்கும் கேள்விகள் உங்களுக்குப் பயன்படும்.

மாவட்ட அளவிலான எண்ணிக்கைகளைப் பயன்படுத்துவோருக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. வட ஆர்க்காடு 1989இல் வட ஆர்க்காடு அம்பேத்கர், திருவண்ணாமலை சம்புவராயர் என்று பிரிந்தது. அதிலிருந்து வந்த வேலூர் மாவட்டம் 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'வேலூர்' என்பது இந்த மூன்றும் சேர்ந்தது. 2018இன் வேலூர் தேர்ச்சி விகிதத்தை 2022இன் வேலூர் விகிதத்தோடு ஒப்பிட்டு 'முன்னேற்றம்' என்று எழுதினால், நீங்கள் ஒப்பிட்டது இரு வேறு நிலப்பரப்புகளை. நீண்ட காலத் தரவு தேவையென்றால் ஒன்றிய அளவில் எடுத்து, பழைய எல்லைக்கு ஏற்பக் கூட்டிக்கொள்ளுங்கள். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் இதைக் கேட்டால் பதில் சொல்ல முடியாமல் நிற்க வேண்டாம்.

நெறியாளரோடு மோதிக்கொள்ளவும் வேண்டாம். உங்கள் பள்ளியிலிருந்தே ஒரு கேள்வியை இரண்டு பக்கத்தில் எழுதி, எந்தப் பள்ளிகளில், யாரிடம், எப்படித் தகவல் திரட்டுவீர்கள் என்ற திட்டத்தோடு கொடுத்தால் பெரும்பாலான நெறியாளர்கள் ஒப்புக்கொள்வார்கள். அவர் சொல்லும் எண் முறையையும் உங்கள் ஆய்வின் ஒரு பகுதியாக வைத்துக்கொள்ளலாம். பள்ளிகளில் தகவல் திரட்ட முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்து அனுமதியும், பிள்ளைகளிடம் பேசப் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும். அனுமதிக் கடிதம் வந்து சேர ஒரு பருவமே ஆகிவிடலாம் என்பதால் ஆய்வுப் பாடங்கள் நடக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆன்லைன் பிஎச்.டி.யை 18 மாதத்தில் முடித்துத் தருவதாகவும் ஆய்வேட்டையும் அவர்களே 'கவனித்துக்கொள்வதாகவும்' ஒரு நிறுவனம் சொல்கிறது. சேரலாமா? (தனியார் பள்ளி முதல்வர், காட்பாடி)

பதில்: சேரக் கூடாது. தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பெறும் பிஎச்.டி. இந்தியாவில் செல்லாது. கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து தரும் இத்தகைய பட்டங்கள் குறித்து மானியக் குழுவும் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் 2022 அக்டோபரிலேயே கூட்டாக எச்சரித்தன. உள்நாட்டிலும் 2025 ஜனவரியில், பிஎச்.டி. விதிகளை மீறியதற்காக ராஜஸ்தானிலுள்ள 3 பல்கலைக்கழகங்கள் 5 ஆண்டுகளுக்கு ஆய்வாளர்களைச் சேர்க்கத் தடை விதிக்கப்பட்டது. ஆய்வேட்டைப் பிறரிடம் எழுதி வாங்குவது பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறோம். எழுத்துத் திருட்டைத் தடுக்கும் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி பிறர் எழுத்தோடு ஒப்புமை 60 விழுக்காட்டைத் தாண்டினால் பதிவே ரத்தாகும். அதே போல், பணம் வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் கட்டுரை வெளியிடும் இதழ்களையும் தவிர்த்துவிடுங்கள். தரமான ஆய்விதழ்களுக்கென மானியக் குழு வைத்திருந்த கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்ட பின், இதழின் தரத்தை ஆய்வாளரும் நெறியாளருமே தீர்மானிக்க வேண்டியுள்ளது.

கேள்வி: திருமணமாகி ஆஸ்திரேலியா செல்லவிருக்கும் என் மகள் அங்கே கல்வியியலில் ஆராய்ச்சிப் பட்டம் படிக்க விரும்புகிறாள். எம்.ஃபில்., இ.டி.டி., பிஎச்.டி. என்று மூன்று வகை இருக்கின்றனவாம். எதை எடுப்பது? (தந்தை, சத்துவாச்சாரி)

பதில்: இங்கே மறைந்துவிட்ட எம்.ஃபில். அங்கே உயிரோடு இருக்கிறது. ஆராய்ச்சி வழி முதுகலை என்ற வகையைச் சேர்ந்த அது, முழு நேரமாகப் படித்தால் 2 ஆண்டுகளுக்குள் முடியக்கூடியது. வகுப்புகளைவிட ஒரே ஆய்வேட்டை மையமாகக் கொண்டது. அங்கே ஆய்வு அனுபவமே இல்லாமல் செல்பவர்கள் பிஎச்.டி.க்கு முன் ஒரு படியாக இதைப் பயன்படுத்துகிறார்கள். இ.டி.டி. என்பது பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் பள்ளித் தலைவர்களுக்கும் உரிய தொழில்முறை முனைவர் பட்டம். பாடங்கள் கூடுதலாகவும் ஆய்வேடு சற்றுச் சிறியதாகவும் இருக்கும். ஆய்வுக் கேள்வி தன் பணியிடத்திலிருந்தே எழ வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். 1920இல் தொடங்கிய ஹார்வர்டு கல்வியியல் பள்ளி அடுத்த ஆண்டே வழங்கிய பட்டம் இது. பின்னாளில் ஹார்வர்டே அதைக் கைவிட்டு பிஎச்.டி.க்கு மாறியது.

உங்கள் மகள் அங்கே இன்னும் பள்ளியில் வேலை செய்யத் தொடங்கவில்லை என்பதால் இ.டி.டி. இப்போது பொருந்தாது. பின்னாளில் இந்தியா திரும்பிக் கல்லூரியில் வேலை தேடும் எண்ணம் இருந்தால் பிஎச்.டி.யே பாதுகாப்பானது, இங்கே நியமன விதிகளில் அந்தப் பெயரே புழங்குகிறது. வெளிநாட்டுப் பட்டங்களுக்குச் சமநிலை வழங்கும் புதிய விதிகளை மானியக் குழு 2025 ஏப்ரலில் வெளியிட்டிருக்கிறது. சேரும் முன் அவற்றைப் படித்துப் பார்க்கட்டும். ஆஸ்திரேலிய அரசின் ஆராய்ச்சிப் பயிற்சித் திட்ட உதவித்தொகை வெளிநாட்டு மாணவர்களுக்கும் உண்டு, பல்கலைக்கழகங்கள் வழியே போட்டியில் கிடைப்பது. அங்கேயும் நெறியாளருக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் எழுதி, அவர் ஏற்றுக்கொண்ட பிறகே விண்ணப்பம் நகரும். எம்.எட். ஆய்வறிக்கையை ஆங்கிலத்தில் சுருக்கி எழுதி இப்போதே கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: இன்னும் 2 ஆண்டில் ஓய்வு பெறப் போகும் தலைமை ஆசிரியர் நான். இந்த வயதில் பிஎச்.டி. பதிவு செய்வது நகைப்புக்குரியதா? (தலைமை ஆசிரியர், போளூர்)

பதில்: மானியக் குழுவின் விதிகளில் பிஎச்.டி.க்கு மேல் வயது வரம்பு இல்லை. இப்போதே பதிவு செய்தால் தடையின்மைச் சான்றுக்கும் ஆய்வுப் பாடங்களுக்கும் அலைய வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு பதிவு செய்தால் முழு நேர ஆய்வாளராகவே சேரலாம், சான்றும் தேவையில்லை. நாங்கள் இரண்டாவதையே பரிந்துரைக்கிறோம். இடைப்பட்ட காலத்தில் நெட் தேர்வின் ஆராய்ச்சி முறையியல் பகுதியையும் புள்ளியியல் அடிப்படையையும் படித்துவிடுங்கள். உங்கள் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடுகள் 1950களிலிருந்து பாதுகாக்கப்பட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எந்தக் கிராமத்திலிருந்து, எந்தத் தொழில் செய்யும் குடும்பத்திலிருந்து, எந்த ஆண்டில் முதல் பெண் குழந்தை சேர்ந்தாள் என்பதையெல்லாம் அவற்றிலிருந்து தொகுத்தால் போளூர் வட்டத்தின் பள்ளிக் கல்வி வரலாறாக ஓர் ஆய்வேடு உருவாகும். பதிவேடுகளைப் படியெடுக்க முறையான அனுமதியை, அந்தப் பள்ளியின் பொறுப்பில் நீங்கள் இருக்கும்போதே மேலதிகாரிகளிடம் எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.